நாற்று ஒரு வயலில், அறுவடை இன்னொரு வயலில்

அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம். அங்கே குழந்தைக்கு நடை வண்டி வாங்குவதற்கு முன்பே கூடைப்பந்து வளையம் வாங்கி மாட்டிவிடுவார்களோ என்று தோன்றும். கார் நிறுத்துகிற இடத்தில் வளையம், பண்ணைக் கொட்டகைச் சுவரில் வளையம், தேவாலயத்துக்குப் பின்னால் வளையம். அந்த மாநிலத்தில் இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். ப்ளூமிங்டனில் இண்டியானா, வெஸ்ட் லஃபாயெட்டில் பர்டியூ. இரண்டுக்கும் எல்லா ஆட்டத்திலும் ஜென்மப் பகை.

கூடைப்பந்தில் இண்டியானா ஐந்து முறை தேசிய சாம்பியன். பர்டியூ தேசியப் போட்டியில் ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. ஃபுட்பாலில் (கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்) நிலைமை வேறு. அதில் இண்டியானாவை யாரும் எதிரியாகக்கூட மதித்ததில்லை. கல்லூரி ஃபுட்பாலின் முதல் பிரிவில் சரித்திரத்திலேயே அதிகத் தோல்விகள் கண்ட அணி எது என்று கேட்டால், 2024 வரை கண்ணை மூடிக்கொண்டு இண்டியானா என்று சொல்லியிருக்கலாம். 1887-ல் ஆட ஆரம்பித்த அணி, 2024 வரை ஒரு பருவத்தில்கூடப் பத்து ஆட்டங்கள் ஜெயித்ததில்லை.

அந்த இண்டியானா 2026 ஜனவரியில் ஃபுட்பால் தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி. மூன்று வருடத்துக்கு முன் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நெற்றியைத் தொட்டு ஜுரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள்.

இதில் பர்டியூ ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். அதை விட்டுவிடலாம். அந்த எரிச்சலுக்குள் நியாயமான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு கல்லூரி அணியை வளர்ப்பது என்றால் என்ன? பையன்களைப் பதினெட்டு வயதில் கூட்டி வந்து நாலு வருடம் பொறுமையாகத் தேற்றுவதா? இல்லை, வேறெங்கோ தேறியவர்களைக் கூட்டி வந்து ஒரே வருடத்தில் ஜெயிப்பதா? முதலாவதைத்தான் "வளர்ப்பு" என்றும், இரண்டாவதை "வாங்கல்" என்றும் ரசிகர்கள் பேசிக்கொள்கிறார்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

*

முதலில் பர்டியூ கூடைப்பந்து. பயிற்சியாளர் மேட் பெய்ன்டர் 2005-லிருந்து அங்கேயே இருக்கிறார். அதே கல்லூரியில் ஆடியவர். கல்லூரிப் பயிற்சியாளர்கள் வீடு மாற்றுவதுபோல வேலை மாற்றும் காலத்தில் இதுவே ஒரு அதிசயம்.

அவரிடம் 2020-ல் வந்து சேர்ந்தார் டொரண்டோவைச் சேர்ந்த ஸாக் ஈடி. உயரம் ஏழடி நாலங்குலம். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்தவர். கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பள்ளிக்கூடத்தின் கடைசி வருடங்களில்தான். நாடு முழுக்கப் பள்ளி மாணவர்களை வரிசைப்படுத்தும் பட்டியலில் 400-க்கும் கீழே இருந்தார். அதாவது, பெரிய கல்லூரிகள் சீண்டாத ஆள்.

முதல் வருடம் சராசரியாக ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம்கூடக் களத்தில் இல்லை, 8.7 புள்ளிகள். இரண்டாம் வருடம் 14.4. மூன்றாம் வருடம் 22.3. நான்காம் வருடம் 25.2. கடைசி இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது. அடுத்தடுத்து இரண்டு வருடம் அதை வாங்கியவர் ரால்ஃப் சாம்ப்ஸனுக்குப் பிறகு இவர்தான். சாம்ப்ஸன் வாங்கியது 1980-களின் ஆரம்பத்தில்.

இந்த எண்களை எக்ஸெல் தாளில் பார்ப்பவருக்கு அது வெறும் ஏறுமுகம். நாலு வருடம் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது வேறு. பந்தைப் பிடிக்கத் தடுமாறிய பையன், மூச்சு வாங்கி மூன்றாவது நிமிடத்தில் பெஞ்சைப் பார்த்த பையன், மெல்ல மெல்ல யாராலும் நகர்த்த முடியாத மலையாக ஆனதைக் கண்ணால் பார்த்த அனுபவம். "எங்க பையன்" என்று ரசிகன் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் வளர்ப்புக்கு வலியும் உண்டு. கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் 68 அணிகள். நாலு மண்டலம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2023 மார்ச் 17-ம் தேதி முதல் நிலை அணியான பர்டியூ, பதினாறாம் நிலை அணியான ஃபேர்லி டிக்கின்ஸனிடம் 63-58 என்று தோற்றது. நாட்டிலேயே மிகக் குள்ளமான அணியிடம், நாட்டிலேயே மிக உயரமான ஆட்டக்காரர்களில் ஒருவரை வைத்துக்கொண்டு! அந்தப் போட்டியின் சரித்திரத்தில் பதினாறாம் நிலை அணி முதல் நிலை அணியை வென்றது அது இரண்டாவது முறை. அதற்கு முந்தைய வருடம் பதினைந்தாம் நிலை அணியான செயின்ட் பீட்டர்ஸிடம் 67-64 என்று தோற்றிருந்தார்கள். அதற்கும் முந்தைய வருடம் பதின்மூன்றாம் நிலை நார்த் டெக்ஸஸிடம். மூன்று வருடம் வரிசையாக மானம் போயிற்று.

வேறு கல்லூரியாக இருந்தால் மொத்த அணியையும் கலைத்திருப்பார்கள். பர்டியூ கலைக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாமா என்று யோசித்த ஈடி திரும்பி வந்தார். அந்தத் தோல்வியில் முதல் வருடப் பையன்களாக ஆடிய ப்ரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லாயரும் ஓடிப்போகவில்லை. வெளியிலிருந்து முக்கியமாகச் சேர்ந்தது சதர்ன் இல்லினாயிலிருந்து வந்த லான்ஸ் ஜோன்ஸ் ஒருவர். சமையல் முடிந்து கடைசியில் போடுகிற தாளிப்பு மாதிரி, அவ்வளவுதான்.

2024 ஏப்ரலில் அதே அணி 44 வருடத்துக்குப் பிறகு கடைசி நான்கில் நுழைந்து, இறுதி ஆட்டமும் ஆடியது. கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோல்வி. ஈடி தனியாளாக 37 புள்ளிகள் எடுத்தார். கோப்பை வரவில்லை. ஆனால் போன வருடம் தலைகுனிந்தவர்களே இந்த வருடம் தலைநிமிர்ந்தார்கள். ஆள் மாறாமல் அவமானம் மட்டும் மாறியது. ரசிகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதோடு முடித்துவிட்டால் "வளர்ப்பே சிறந்தது" என்ற நீதிக்கதை ஆகிவிடும். ஆனால் அந்த 2023 தோல்வியை எதிர்ப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

ஃபேர்லி டிக்கின்ஸன் அதற்கு முந்தைய பருவத்தில் 4 வெற்றி, 22 தோல்வி கண்ட அணி. 2022-ல் டோபின் ஆண்டர்சன் பயிற்சியாளராக வந்தார். எங்கிருந்து? செயின்ட் தாமஸ் அக்வைனஸ் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து. வரும்போது அங்கே தன்னிடம் வருடக்கணக்கில் ஆடிய மூன்று பேரையும் கையோடு அழைத்து வந்தார். அவர்களில் ஒருவரான ஷான் மூர்தான் அன்றைக்குப் பர்டியூவுக்கு எதிராக 19 புள்ளிகள் எடுத்தது. ஆக, பர்டியூவின் வளர்ப்பைத் தோற்கடித்ததும் ஒரு வளர்ப்புதான். வளர்ந்த இடம்தான் வேறு.

அந்த வெற்றிக்குச் சில நாட்கள் கழித்து ஆண்டர்சன் அயோனா கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

*

இப்போது ஃபுட்பாலுக்கு வரலாம். 2023-ல் இண்டியானா 3 வெற்றி, 9 தோல்வி. பயிற்சியாளரை மாற்றினார்கள். வந்தவர் கர்ட் சிக்னெட்டி, அறுபதைத் தாண்டியவர். வந்த புதிதில் எப்படி ஆட்டக்காரர்களைச் சம்மதிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டபோது, "நான் ஜெயிப்பவன், கூகுள் பண்ணிப் பாருங்கள்" என்றார். திமிர் பிடித்தவர் என்று சிரித்தார்கள். கூகுள் பண்ணிப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை :-)

அலபாமாவில் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், 2011-ல் அந்த வசதியான வேலையை விட்டுவிட்டு, பென்சில்வேனியாவில் ஒரு இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பிறகு ஈலான், பிறகு 2019-லிருந்து 2023 வரை வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ் மேடிஸன். படிப்படியாக ஏறி வந்தவர். எந்தப் படியிலும் ஜெயித்தவர்.

இண்டியானாவுக்கு வரும்போது அவர் தனியாக வரவில்லை. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர்கள் கூடவே வந்தார்கள். ஜேம்ஸ் மேடிஸனிலிருந்து 13 ஆட்டக்காரர்களும் வந்தார்கள். ஏடன் ஃபிஷர், டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், மைக்கேல் கமாரா, எலைஜா சாராட் என்று பிற்பாடு நாடே அறிந்த பெயர்கள் அதில் உண்டு. அந்த 2024-ல் இண்டியானா 11 வெற்றி, 2 தோல்வி. தேசியப் போட்டியின் முதல் சுற்றில் நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்று வெளியேறியது. "சுலபமான அட்டவணை, ஒரு வருஷக் கூத்து" என்றார்கள்.

அடுத்த வருடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோஸா வந்தார். பள்ளியில் படிக்கும்போது பெரிய அணிகள் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை; முதலில் யேல் கல்லூரிக்குப் போவதாகத்தான் இருந்தார். கலிஃபோர்னியாவில் ஒரு வருடம் உட்கார்ந்து, இரண்டு வருடம் அடி வாங்கி ஆடிக் கற்றுக்கொண்டவர். இண்டியானாவில் ஒரே பருவம். ஹைஸ்மன் விருது. ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3, பீச் பௌலில் ஆரிகனை 56-22, இறுதி ஆட்டத்தில் மயாமியை அதன் சொந்த மைதானத்திலேயே 27-21. ஆரிகனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் முதல் பந்தையே இடைமறித்துப் பிடித்து ஓடி டச்டவுன் போட்டவர் பாண்ட்ஸ், ஜேம்ஸ் மேடிஸனின் பழைய பையன்.

சரி, இது வாங்கிய அணியா, வளர்த்த அணியா?

ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர் களத்தில். தாக்குதல் அணி வேறு, தடுப்பு அணி வேறு. மொத்தம் நூறு பேருக்கு மேல் கூட்டம். நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கி வந்து கூட்டினால் அது திருவிழாக் கூட்டமாகத்தான் இருக்கும், அணி ஆகாது. இண்டியானா உடனே ஓட ஆரம்பித்ததற்குக் காரணம், அந்த 13 பேருக்கும் பயிற்சியாளரின் சைகை, கோபம், பயிற்சியின் வேகம் எல்லாம் முன்பே அத்துப்படி. புதிதாக வந்தவனுக்குக் கற்றுக்கொடுக்க அணிக்குள்ளேயே 13 வாத்தியார்கள். மற்றவர்களையும் சிக்னெட்டி பள்ளிக்கால நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து எடுக்கவில்லை. கல்லூரிக் களத்தில் ஏற்கெனவே என்ன செய்தான் என்று பார்த்து எடுத்தார். ஆகவே அவர் அணியில் வளர்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய இருந்தது. நாற்றங்கால் மட்டும் ஹாரிசன்பர்க்கிலும் பெர்க்லியிலும் இருந்தது.

*

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது குற்றமில்லை. நட்டால்தான் நன்றாகத் தூர்கட்டும். ஆனால் யாரோ ஒருவர் நாற்றங்காலில் விதைத்து, தண்ணீர் கட்டி, காவல் காத்திருக்க வேண்டும். அவருக்கு அறுவடையில் என்ன பங்கு என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இன்றைக்குப் பதில்: பெரும்பாலும் ஒன்றுமில்லை.

2022-ல் பர்டியூவை வீழ்த்திய செயின்ட் பீட்டர்ஸ் கதையைப் பார்த்தால் போதும். நியூ ஜெர்ஸியின் சின்னக் கல்லூரி. கென்டக்கியை வென்று, மர்ரே ஸ்டேட்டை வென்று, பர்டியூவை வென்று கடைசி எட்டு வரை போன முதல் பதினைந்தாம் நிலை அணி. ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிவதற்குள் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே தான் படித்த ஸீடன் ஹாலுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வேறு வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பினார்கள். அடுத்த பருவம் அரங்கத்துக்கு வந்த ரசிகருக்கு அதே சட்டை, அதே பெயர். உள்ளே இருந்தவர்கள்தான் வேறு.

இதற்காகப் பையன்களைத் திட்டுவது அநியாயம். பழைய சட்டம் என்ன? பயிற்சியாளர் நினைத்த நேரத்தில் போகலாம், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கலாம். ஆட்டக்காரர் கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். கல்விச் சலுகை தவிரப் பத்து பைசா வாங்கக் கூடாது. அந்தப் "பொறுமை"யில் பாதி பொறுமை இல்லை, கட்டிப்போட்டது. மாற விரும்புகிறவர் பெயரைப் பதிந்துகொள்ளும் பட்டியல் 2018-ல் வந்தது. 2021-ல் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றார்கள். ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தால், கல்லூரிகளே முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. குடும்பக் கஷ்டத்தில் இருக்கும் இருபது வயதுப் பையன், அதிகம் கொடுக்கிற இடத்துக்குப் போனால் யார் குறை சொல்ல முடியும்? அவன் முழங்கால் எத்தனை வருடம் தாங்கும் என்று எந்த ரசிகனும் உத்தரவாதம் தரப்போவதில்லை.

ஆகவே கதவைத் திரும்பப் பூட்டுவது தீர்வாகாது. வளர்த்தவருக்குப் பங்கு கொடுப்பதுதான் தீர்வு. இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. உலகக் கால்பந்தில் ஃபிஃபா 2001-லிருந்தே இதைச் செய்கிறது. ஒப்பந்தக் காலத்துக்கு நடுவே ஒரு ஆட்டக்காரர் பெரிய தொகைக்கு நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் வரை, அவர் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஏதோ ஒரு சின்ன ஊரில் அந்தப் பணத்தில் புல்தரை போடுகிறார்கள், அடுத்த பையனுக்கு ஷூ வாங்குகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நடுவே விலை என்று ஒன்று இல்லாததால் அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் ஆட்டக்காரருக்கு ஒரு பெரிய கல்லூரி கொடுக்கும் தொகைக்கு மேலே ஒரு சிறு சதவீதத்தை அதே கல்லூரியிடம் வாங்கி, முன்பு வளர்த்த கல்லூரிக்குக் கொடுக்க ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா என்ன? பையனின் காசில் கை வைக்க வேண்டாம். அவன் சுதந்திரமும் போகாது. நாற்றங்காலும் காயாது.

ரசிகர்களும் கொஞ்சம் மாறலாம். புதிதாக யார் வருகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துக் கைதட்டுவதைவிட, இருக்கிறவன் போன வருடத்தைவிட இந்த வருடம் என்ன தேறினான் என்று பார்ப்பதே ஒரு பயிற்சியாளரை எடை போடச் சரியான வழி. பர்டியூவில் ட்ரே காஃப்மன்-ரென் முதல் வருடம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காம் வருடம், 2024-25-ல், சராசரியாக இருபது புள்ளிகள். அந்த வருடம் அவர்களுடைய பிக் டென் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? 2023-ல் பதினாறாம் நிலை அணியிடம் தோற்றபோது கலங்கி நின்ற அந்த ப்ரேடன் ஸ்மித். அந்தக் கணக்கில் பார்த்தால் பெய்ன்டரும் சிக்னெட்டியும் எதிரிகள் இல்லை, ஒரே ஜாதி. இருவரும் அடுத்தவர் கண்ணில் படாததைக் கண்டுபிடித்துத் தேற்றுகிறவர்கள். ஒருவர் தன் வயலிலேயே செய்கிறார். இன்னொருவர் வயல் மாறும்போது நாற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

கடைசியாக ஜேம்ஸ் மேடிஸன். சிக்னெட்டியும் அந்த 13 பேரும் போன பிறகு அணி அழிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். ஹோலி க்ராஸிலிருந்து பாப் செஸ்னி வந்தார். இரண்டே வருடம். 2025-ல் ஜேம்ஸ் மேடிஸனும் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. இண்டியானா கோப்பை வாங்கிய அதே போட்டி! முதல் சுற்றில் ஆரிகனிடம் 51-34 என்று தோற்றார்கள். செஸ்னி யு.சி.எல்.ஏ.வுக்குப் போய்விட்டார்.

ஹாரிசன்பர்க்கில் புதுப் பயிற்சியாளர், புதுப் பையன்கள். ஊதா நிறச் சட்டை போட்ட ரசிகர்கள் மறுபடி டிக்கெட் வாங்கி, இதுவரை பெயர் கேட்டிராத பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தவறவிடுவதைப் பார்த்து "பரவாயில்லை, தேறிடுவான்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார்கள். அவன் தேறுவான். தேறியதும் போய்விடுவான். அது தெரிந்தே கைதட்டுகிறார்களே, அவர்களுக்கும் அந்தக் கோப்பையில் ஒரு பங்கு உண்டு.